பிகா முயலுக்கு மூதாதையா, பங்காளியா?

பிப்ரவரி 3, காலை: வாசகர் ஒருவரின் கேள்வி

மலைப்பாறைகளில் வாழும் பிகா என்ற சின்ன விலங்கின் படம் ஒன்று பார்த்தேன். காது சின்னது, கால் குட்டை, வால் கண்ணுக்கே தெரியவில்லை. எலியும் முயலும் கலந்த மாதிரி இருக்கிறது. எலி போன்ற ஒன்றிலிருந்து பிகா வந்து, அதற்குக் காதும் காலும் நீண்டு முயல் ஆனது என்று எடுத்துக்கொள்ளலாமா? அப்படியென்றால் முயலின் மூதாதை இன்னும் உயிரோடு இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

பிப்ரவரி 3, மதியம்

அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. பிகா முயலுக்குப் பாட்டன் இல்லை, பங்காளி. ஒரே தாத்தாவின் இரண்டு பிள்ளைகள் தனித்தனியாகக் குடித்தனம் போன கதை இது. பிரிந்து குறைந்தது மூன்று கோடி ஆண்டுகளாவது ஆகிவிட்டது. அதற்குப் பிறகு முயல் எவ்வளவு காலம் மாறியதோ, பிகாவும் அதே அளவு காலம் தன் வழியில் மாறியிருக்கிறது. உருவம் சின்னதாக, எளிமையாக இருப்பதாலேயே ஒன்றைப் பழையது என்று சொல்லிவிட முடியாது.

லாகோமார்ஃபா என்கிற முயல் வரிசையில் இன்று உயிரோடு இருப்பவை இரண்டே குடும்பங்கள். ஒன்று முயல் குடும்பம். அதில் 11 பேரினங்கள் (நெருங்கிய இனங்களின் தொகுப்புகள்), அறுபதுக்கு மேல் இனங்கள். இன்னொன்று பிகா குடும்பம். அதில் ஓகோடோனா என்ற ஒரே பேரினம்தான் மிச்சம், இனங்கள் முப்பது சொச்சம். இந்த ‘ஒரே பேரினம்’ என்பதைப் பார்த்துத்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். ஆதியிலிருந்தே இது சின்னக் குடும்பம் என்று நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் பிகா பக்கத்து ஆட்கள் நான்கு கண்டங்களில் இருந்தார்கள். அதைத் தனியாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 3, இரவு

எலி விஷயத்துக்கு மதியம் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். பிகா கொறிணி (எலி, அணில் போன்ற கொறிக்கும் விலங்கு) வகையே இல்லை. பல்லைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பிப்ரவரி 5

பல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக.

என்னிடம் ஒரு முயல் மண்டையோடு இருக்கிறது. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு வயலோரத்தில் கிடைத்தது. உள்ளங்கையில் அடங்கும், எடையே தெரியாது. முன்னால் இருக்கிற இரண்டு பெரிய வெட்டுப்பற்களை மட்டும் பார்த்தால் எலி என்றுதான் தோன்றும். தலைகீழாகத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பெரிய பற்களுக்கு நேர் பின்னால், அவற்றின் நிழலில் ஒட்டிக்கொண்டு, இரண்டு குட்டிப் பற்கள் நிற்கும். கடுகை நீட்டி வைத்தது போல இருக்கும். வெட்டும் முனை கிடையாது, வெறும் ஆணி. முதன்முதலாக அதைப் பார்த்த அன்று கொஞ்ச நேரம் அந்த மண்டையோட்டைக் கீழே வைக்கவே மனம் வரவில்லை. உலகத்தில் இருக்கிற எந்த எலிக்கும், அணிலுக்கும், முள்ளம்பன்றிக்கும் இது கிடையாது. எல்லா முயலுக்கும் உண்டு, எல்லா பிகாவுக்கும் உண்டு.

விலங்குகளுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை நிறுவிய லின்னேயஸ் 1758-ல் முயலையும் எலியையும் கிளைரெஸ் என்ற ஒரே பெயரின் கீழ்தான் வைத்தார். அதற்குப் பிறகு வெகுகாலம் முயலும் பிகாவும் ‘நான்கு வெட்டுப்பல் கொறிணிகள்’ என்றே பாடங்களில் இருந்தன. 1912-ல் கிட்லி என்பவர்தான் இவற்றைக் கொறிணிகளிலிருந்து பிரித்துத் தனி வரிசையாக வைக்க வேண்டும் என்று வாதாடினார். நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆனாலும் நான் போயிருந்த ஓர் அருங்காட்சியகத்தில் பதப்படுத்திய பிகா ஒன்றை அணிலுக்கும் சுண்டெலிக்கும் நடுவில், கொறிணிகள் என்ற பலகைக்குக் கீழே வைத்திருந்தார்கள். வாசலில் இருந்த குறிப்பேட்டில் எழுதி வைத்துவிட்டு வந்தேன். அடுத்த முறை போனபோதும் அதே இடத்தில்தான் இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக அதைப் பார்த்துக்கொண்டு போனது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

பிப்ரவரி 6

“முயலையும் பிகாவையும் பல்லால் பிரிக்க முடியுமா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முடியும். முயலுக்கு மொத்தம் 28 பல், பிகாவுக்கு 26. மேல்தாடையில் இரண்டு பக்கமும் கடைசிக் கடைவாய்ப்பல் பிகாவிடம் இல்லை. (பெரும்பாலான முயல்களுக்கு 28. ஜப்பானின் அமாமித் தீவு முயலைப் போல ஒன்றிரண்டு விலக்குகள் உண்டு.)

மண்டையோட்டிலும் வித்தியாசம் இருக்கிறது. முயலின் மூக்கு எலும்பு ஓரம் சல்லடை மாதிரி, ஓட்டை ஓட்டையாக இருக்கும். பிகாவுக்கு அந்த இடத்தில் சல்லடை கிடையாது, ஒரே திறப்பு. முயலுக்குக் கண்குழிக்கு மேலே சின்ன இறக்கை போல எலும்பு நீட்டிக்கொண்டு நிற்கும், பிகாவுக்கு அது இல்லை. புதைபடிவம் பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் உயிர்நாடி. மண்ணிலிருந்து முழு மிருகம் வராது, பாதித் தாடைதான் வரும்.

பிப்ரவரி 9

பிகாவை நேரில் பார்த்திருக்கிறீர்களா என்ற கேள்விக்கு: ஒரே ஒரு முறை.

உத்தராகண்டில் துங்கநாத் போகிற கற்பாதை. மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கற்குவியலில் ஏதோ அசைந்தது. முதலில் தலை மட்டும் வந்தது. வட்டக் காது, ஓரத்தில் மெல்லிய வெளிறிய கோடு. அப்புறம் முழு உடம்பும் வந்தது, தலையும் தோளும் செம்பழுப்பு, பின்பக்கம் சாம்பல். ராயில் பிகா. ஒரு சாண் நீளம்தான் இருக்கும். ஒரு இலையைக் கடித்து இழுத்தது. காம்பு வாய்க்குள் போகப் போக இலை ஆடிக்கொண்டே குறைந்து, கடைசியில் மறைந்தது. கைகளால் பிடித்துச் சாப்பிடவில்லை. அணில் என்றால் முன்னங்கால்களில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இது முயலைப் போலவே வாயால் மட்டுமே மென்றது. பாறை இடுக்கில் அதன் புழுக்கை, மிளகு போல உருண்டை உருண்டையாக.

பத்து நிமிடம் இருந்திருக்கும். ஒரு பருந்தின் நிழல் கடந்தது, அவ்வளவுதான், ஆளைக் காணோம். ஒரு சத்தமும் எழுப்பவில்லை. வட அமெரிக்க பிகா அப்படியில்லை. ‘ஈக்’ என்று கத்தி மலையையே எழுப்பிவிடும் என்கிறார்கள்.

பிப்ரவரி 9, சற்று நேரம் கழித்து

பெயர்க் கதை கேட்டவருக்கு: பிகா என்ற சொல் சைபீரியப் பழங்குடி மொழியான ஈவெங்கியிலிருந்து வந்தது என்கிறார்கள். ஓகோடோனா மங்கோலியப் பெயரிலிருந்து வந்தது. இவற்றை முதலில் அறிவியல்முறையில் விவரித்தவர் பல்லாஸ் என்ற இயற்கையியலாளர். 1769-ல் புல்வெளி பிகாவுக்குப் பெயர் வைத்தபோது அதை முயல் பேரினத்திலேயேதான் சேர்த்தார். அதன் பிறகு பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே ‘லேகோமிஸ்’ என்றார், முயல்-எலி என்று பொருள். நம் வாசகருக்குத் தோன்றியதேதான் குவியேவுக்கும் தோன்றியிருக்கிறது. ஆனால் லிங்க் என்பவர் 1795-லேயே ஓகோடோனா என்று வைத்துவிட்டதால் முந்தின பெயரே நின்றது.

பிப்ரவரி 10

தமிழ் விவிலியத்தில் வருகிற குழிமுசல் பிகாதானா என்று ஒரு கேள்வி. இல்லை. அங்கே சொல்லப்படுவது ஹைராக்ஸ் என்ற பாறை மிருகம். அதற்கும் வட்டக் காது, வால் இல்லாத மாதிரி உடம்பு, பாறை இடுக்கில் வீடு. ஆனால் அதன் சொந்தம் யானையும் கடற்பசுவும். ஒரே மாதிரி இடத்தில், ஒரே மாதிரி பிழைப்பு நடத்தினால் உடம்பும் ஒரே சாயலுக்கு வந்துவிடுகிறது. சாயலை வைத்து உறவு சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 14

சரி, செத்துப்போன சொந்தக்காரர்கள். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது.

மயோசீன் காலம், அதாவது சுமார் 2 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புவரை. அப்போது பிகா குடும்பம்தான் பழைய உலகத்தில் ஓங்கியிருந்தது. ஆசியாவில் சைனோலேகோமிஸ், அலாப்டாக்ஸ். வட அமெரிக்காவில் ஓரியோலேகஸ். ஐரோப்பாவில் ப்ரோலேகஸும் அதன் உறவுகளும். ஆப்பிரிக்காவில்கூட! கென்யாவின் ருசிங்கா தீவில் கிடைத்ததற்கு 1953-ல் கென்யாலேகோமிஸ் என்று பெயர் வைத்தார்கள். தெற்கே நமீபியாவில் அதற்கு முன்பே ஆஸ்ட்ரோலேகோமிஸ் கிடைத்திருந்தது. இன்று ஆப்பிரிக்காவில் ஒரு பிகாகூடக் கிடையாது. குளிர்ந்த மலையுச்சியில் மட்டும் வாழ்கிற பிராணி என்று நாம் நினைப்பதெல்லாம் இன்றைக்கு மிச்சமிருக்கிற ஒரு பேரினத்தை வைத்துத்தான்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஜெர்மனி-சுவிஸ் எல்லையில் ஓனிங்கன் என்று ஒரு சுண்ணாம்புக்கல் குவாரி. 1726-ல் ஷாய்ட்ஸர் என்பவர் அங்கே கிடைத்த எலும்புக்கூட்டைப் பார்த்து, பிரளயத்தில் மாண்ட மனிதன் இவன் என்று ஊருக்குச் சொன்னார். 1811-ல் குவியே அந்தக் கல்லைச் செதுக்கிப் பார்த்து, அது ராட்சத சாலமண்டர் (தவளைக்கு உறவான, வாலுள்ள நீர்நில உயிரி) என்று காட்டினார். இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். ப்ரோலேகஸ் பேரினத்தின் மாதிரி இனம் (பேரினத்தின் பெயருக்கு அடிப்படையான இனம்) ப்ரோலேகஸ் ஓனிங்கென்சிஸ் வந்ததும் அதே ஓனிங்கன் கல்லிலிருந்துதான். அதைத்தான் யாரும் சொல்வதில்லை. சாலமண்டருக்குக் கிடைத்த புகழில் பத்தில் ஒரு பங்குகூட அந்தச் சின்ன மிருகத்துக்குக் கிடைக்கவில்லை.

இவ்வளவு பெரிய குடும்பம் எப்படிக் குறைந்தது? மயோசீன் முடிவில் பூமி காய்ந்து குளிர்ந்தது. புல்வெளிகள் பரவின, அதிலும் வறட்சி தாங்குகிற புது வகைப் புற்கள். முயல் குடும்பம் பெருகியதும் பிகா குடும்பம் சுருங்கியதும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். திறந்த வெளியில் ஓடித் தப்பிக்க முயலுக்குக் கால் இருந்தது. பிகா பக்கத்துக்கு ஓட்டம் வராது, பொந்துதான் கதி. பொந்தும் பாறையும் உள்ள குளிர்ந்த இடங்களில் ஓகோடோனா தங்கிவிட்டது.

பிப்ரவரி 15

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். ப்ரோலேகஸைப் பிகா குடும்பத்திலேயே சேர்த்து எழுதிவிட்டேன். பலர் அப்படித்தான் வைக்கிறார்கள். ஆனால் ப்ரோலேகிடே என்று தனிக் குடும்பமாகப் பிரிப்பவர்களும் நிறைய. காரணம் மறுபடியும் பல்தான். ப்ரோலேகஸுக்குக் கீழ்த்தாடையிலும் கடைசிக் கடைவாய்ப்பல் போய்விட்டது. மொத்தம் 24. அதற்குப் பதிலாக அதற்கு முந்தைய பல் மூன்று மடலாக நீண்டிருக்கும். எனக்குத் தனிக் குடும்பம் என்பதே சரியென்று படுகிறது. பழைய எலும்பிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் பார்த்ததிலும் ஓகோடோனாவுக்குத்தான் கிட்டத்துச் சொந்தம், ஆனால் பிரிவு மிகப் பழையது என்றுதான் வந்தது.

பிப்ரவரி 21

சார்டினியா பிகா. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ஒரு வாரமாக நினைத்துக்கொண்டே இருந்தேன்.

ப்ரோலேகஸ் சார்டஸ். மத்தியதரைக் கடலில் சார்டினியா, கோர்சிக்கா என்ற இரண்டு தீவுகளிலும் அவற்றை ஒட்டிய குட்டித் தீவுகளிலும் வாழ்ந்தது. எடை அரைக் கிலோ அளவு. இன்றைய பிகாக்களில் பல 150 கிராமைச் சுற்றித்தான் இருக்கும் என்பதால் இது அந்தக் குடும்பத்தில் பெரிய ஆள். தீவில் அதை வேட்டையாட சைனோதீரியம் என்ற சின்ன ஓநாய் வகை ஒன்று இருந்தது, ஆந்தைகளும் கழுகுகளும் இருந்தன. அவை எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு லட்சக்கணக்கான ஆண்டுகள் இருந்தது.

பிறகு மனிதன் வந்தான். கோர்சிக்காவின் தெற்கு முனையில் போனிஃபாசியோவுக்குப் பக்கத்தில் இடைக்கற்கால ஆட்கள் தங்கிய பாறை மறைவிடம் ஒன்றில் இதன் எலும்புகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. சுட்டுத் தின்றிருக்கிறார்கள், எலும்பு நுனிகளில் தீ பட்ட தடம் இருக்கிறது. தீவில் வேட்டையாடித் தின்ன ஏற்ற பெரிய மிருகம் அதிகம் இல்லை, கைக்குக் கிடைத்த இறைச்சி இதுதான். அந்த எலும்பு நுனிகளைப் பற்றிப் படித்ததிலிருந்து அது என் மனதை விட்டுப் போகவில்லை. ஒரு இனம் முழுவதும் பல்லும் தாடையுமாக, எண்ணிக்கையாக மட்டுமே நமக்குத் தெரியும்போது, இந்த ஒரு இடத்தில் மட்டும் யாரோ நெருப்பில் திருப்பிப் போட்ட கை தெரிகிறது.

ஆனால் சாப்பிட்டே தீர்த்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. அந்த மனிதர்களோடு சேர்ந்து இன்னும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அது பிழைத்திருந்தது. கோர்சிக்காவில் கிமு கடைசி நூற்றாண்டுகள்வரை இருந்ததைக் கார்பன் காலக்கணிப்பு காட்டுகிறது. கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் கிமு 2-ஆம் நூற்றாண்டில் கோர்சிக்காவைப் பற்றி எழுதுகிறார்: அங்கே முயல் இல்லை, ஆனால் ஒரு பிராணி இருக்கிறது, தூரத்திலிருந்து பார்த்தால் சின்ன முயல் மாதிரி தெரியும், பிடித்துப் பார்த்தால் தோற்றமும் வேறு, ருசியும் வேறு, பெரும்பாலும் மண்ணுக்கு அடியிலேயே இருக்கும். படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. அவர் பொந்து தோண்டி வாழும் ஐரோப்பியக் குழிமுயலைத்தான் சொன்னார் என்கிறவர்களும் உண்டு. ஆனாலும் உயிருள்ள ப்ரோலேகஸைக் கையில் பிடித்துப் பார்த்த யாரோ ஒருவர் சொன்னதுதான் அந்த வரிகள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

முழு எலும்புக்கூடு 1967-ல்தான் கூடியது. சார்டினியாவில் ஒலியேனா பக்கம் கொர்பெத்து குகையிலிருந்து வந்த எலும்புகளை வைத்துச் சேர்த்தார்கள். குகைக்கு அந்தப் பெயர் 19-ஆம் நூற்றாண்டில் அங்கே ஒளிந்திருந்த ஒரு கொள்ளைக்காரனால் வந்தது. புதைபடிவ ஆய்வாளர் மேரி டாசன் 1969-ல் எலும்பு எலும்பாக விவரித்து எழுதினார். ஓகோடோனாவைவிடத் திடமான உடம்பு, பொந்து தோண்டவும் தாவவும் ஏற்ற கால்கள். பழைய இலக்கியக் குறிப்போடு ஒட்டிப் பார்த்தால் ஓர் உருவம் கண்ணுக்கு முன் வந்துவிடுகிறது.

ரோமானியர் காலத்தில் கப்பலோடு கறுப்பு எலி வந்தது. மனிதர்களோடு நாய், பூனை, குழிமுயல் எல்லாம் வந்து சேர்ந்திருந்தன. காடு வயலாயிற்று. இவை ஒன்றுசேர்ந்துதான் முடித்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 22

“1774 வரை இருந்தது என்று படித்தேனே?” என்று இரண்டு பேர். ஆமாம், அந்தக் குறிப்பு இருக்கிறது. பிரான்செஸ்கோ செட்டி என்ற பாதிரியார் சார்டினியாவின் விலங்குகளைப் பற்றி 1774-ல் எழுதும்போது, தவோலாரா என்ற குட்டித் தீவில் பெரிய எலிகள் இருப்பதாகவும், பன்றிகள் கிளறிப் போட்ட மாதிரி தரையெங்கும் அவற்றின் பொந்துகள் என்றும் சொன்னார். அது ப்ரோலேகஸின் கடைசிக் கூட்டமாக இருக்கலாம் என்று ஒரு கருத்து.

அது உண்மையாக இருக்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. இரண்டாவது முறை யோசித்தால் மனம் ஒப்பவில்லை. எலி என்றால் எலியாகவே இருந்திருக்கலாம். முயல் தெரிந்த மனிதர் இதைப் பார்த்திருந்தால் வாலில்லாததைச் சொல்லாமல் விட்டிருப்பாரா? அந்தக் காலத்து எலும்பு ஒன்று அந்தத் தீவில் கிடைத்தால் நானே முதலில் சந்தோஷப்படுவேன். அதுவரை பாலிபியஸ் காலத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை.

மார்ச் 1

ஸ்பெயினின் மெனோர்கா தீவில் வாழ்ந்த ராட்சத முயலையும் இந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறார் ஒருவர். நியூரலேகஸ் ரெக்ஸ், 2011-ல் பெயர் வைத்தார்கள், எடை சுமார் 12 கிலோ, குதிக்கவே வராத முயல். அருமையான பிராணி, ஆனால் அது முயல் குடும்பம். பிகா பக்கம் பெரியது வேண்டுமென்றால் ஓகோடோனா வார்ட்டோனி. 1971-ல் அலாஸ்காவின் கேப் டிசீட் படிவுகளிலிருந்து விவரித்தார்கள். இன்றைய பிகாவுக்குப் பக்கத்தில் வைத்தால் அண்ணன் மாதிரி இருக்கும். அதையொத்த பெரிய பிகா ஒன்று கனடாவின் ஒன்டாரியோவில் ஏறக்குறைய 9,000 ஆண்டுகளுக்கு முன்புவரை இருந்திருக்கிறது. பனியுகம் முடிந்த பிறகும்!

இங்கிலாந்திலும் இருந்தது. டெவன் பகுதியின் கென்ட்ஸ் குகையில் கிடைத்த புதைபடிவத்தை வைத்து ரிச்சர்ட் ஓவன் 1846-ல் ‘குகை லேகோமிஸ்’ என்று பெயர் வைத்தார். இன்று அதைப் புல்வெளி பிகாவோடு சேர்த்துவிட்டார்கள். அந்த இனம் இப்போது வோல்கா, கஜகஸ்தான் பக்கம்தான். பனியுகத்துப் புல்வெளி மேற்கே இங்கிலாந்துவரை நீண்டு கிடந்ததற்கு அந்தச் சின்னப் புதைபடிவம் சாட்சி.

மார்ச் 4

இப்போது வேர்ப் பக்கம் போவோம். முயலுக்கும் பிகாவுக்கும் பொதுவான அந்தப் பழைய பாட்டன் எப்படி இருந்தது?

சீனாவின் அன்ஹுய் மாநிலத்தில் 6 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய படிவுகளில் மிமோடோனா கிடைத்தது. 1977-ல் லி சுவான்குய் விவரித்தார். டைனோசர்கள் போய் அதிக காலம் ஆகவில்லை. அடுத்து மங்கோலியாவின் கோம்ஃபோஸ், சுமார் 5.5 கோடி ஆண்டுகள். கிட்டத்தட்ட முழு எலும்புக்கூடு கிடைத்து, 2005-ல் விவரம் வெளியானது. கணுக்கால் பக்கம் பார்த்தால் முயல் சாயல், பின்னங்கால் நீண்டது. ஆனால் நீளமான வால்! கீழ்த்தாடையிலும் இரண்டு ஜோடி வெட்டுப்பல்! இன்றைய முயலுக்கும் பிகாவுக்கும் கீழே ஒரே ஜோடிதான்.

இதைத்தான் முதல் கேள்விக்கான பதிலாக நினைக்கிறேன். மூல வடிவம் என்று தேடிப் போனால் அங்கே நிற்பது பிகாவும் கிடையாது, முயலும் கிடையாது. நீண்ட வாலும் தாவும் காலும் கொண்ட வேறொரு மிருகம் நிற்கிறது.

இந்தியாவுக்கும் இதில் இடமுண்டு. குஜராத்தில் வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் சுமார் 5.3 கோடி ஆண்டு பழைய குட்டிக் கணுக்கால் எலும்புகள் கிடைத்தன. 2008-ல் அவற்றை முயல் வரிசையைச் சேர்ந்தவை என்று காட்டினார்கள். சில மில்லிமீட்டர் அளவுதான். அதிலும் ஆச்சரியம், அவை பிகாவைவிட முயல் பக்கத்துச் சாயலோடு இருந்தன. பிகா மாதிரி இருந்து முயல் மாதிரி ஆனது என்ற வரிசையே இதனால் ஆட்டம் காண்கிறது.

மார்ச் 5

எலியோடு உறவே இல்லையா என்று மறுபடி கேட்டிருக்கிறார்கள். பிப்ரவரி 3 இரவு நான் எழுதியது கொஞ்சம் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று ஆகிவிட்டது. உறவு உண்டு. கொறிணியும் முயல் வரிசையும் சகோதர வரிசைகள். லின்னேயஸின் கிளைரெஸ் என்ற பெயரே இப்போது அந்தக் கூட்டுக்குத் திரும்ப வந்திருக்கிறது. அதற்கு அடுத்த சொந்தம் மரமூஞ்சூறு, கொலுகோ (மரம் விட்டு மரம் சறுக்கிப் பறக்கும் விலங்கு), குரங்கு, நாம். அதாவது பூனையைவிட, மாட்டைவிட, பிகா நமக்குக் கிட்டத்துச் சொந்தம்.

ஆனால் இது ஒரே நாளில் முடிவான விஷயம் கிடையாது. 1996-ல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, புரதத் தொடர்களை வைத்து, முயல் வரிசை கொறிணியைவிடக் குரங்கு வரிசைக்கே நெருக்கம் என்றது. அந்தக் காலத்தில் நானும் அதை நம்பி நண்பர்களிடம் வாதாடியிருக்கிறேன். அப்புறம் 2001-ல் நிறைய மரபணுக்களையும் நிறைய விலங்குகளையும் சேர்த்துப் பார்த்த ஆய்வுகள் வந்தபோது கிளைரெஸ் மறுபடி உறுதியானது. எடுத்துக்கொண்ட விலங்குகள் குறைவாக இருந்ததுதான் முதல் முடிவில் இருந்த கோளாறு. நண்பர்களிடம் மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன்.

மார்ச் 11

உயிரோடு இருப்பவற்றைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை என்று குறைப்பட்டிருக்கிறார்கள். நியாயம்.

வட அமெரிக்க பிகா குளிர்காலத்தில் உறங்குவதில்லை. கோடையில் புல்லையும் பூச்செடிகளையும் வெட்டி வாயில் கொத்தாகக் கவ்விக்கொண்டு வந்து பாறைக்கு அடியில் குவிக்கும். அதில் எனக்குப் பிடித்த விஷயம்: கசப்பு நஞ்சு அதிகமான சில செடிகளைப் பச்சையாகத் தின்னாமல் குவியலுக்குத்தான் கொண்டுபோகும். அந்த நஞ்சு குவியலை அழுகவிடாமல் காக்கிறது. பனி மாதங்களில் நஞ்சு இறங்கிய பிறகு அதையே எடுத்துச் சாப்பிடுகிறது. ஊறுகாய் போடுகிற மாதிரி.

அதே பிகா வெயிலைத் தாங்காது. 25 டிகிரி தாண்டிய சூட்டில், நிழலுக்குள் போக வழியில்லாமல் அடைபட்டால் சில மணி நேரத்தில் செத்துவிடும். தடித்த ரோமம், உள்ளே எப்போதும் உயர்ந்த உடல்வெப்பம். மலை சூடானால் மேலே ஏற வேண்டும், உச்சிக்கு மேலே இடம் கிடையாது.

திபெத் பீடபூமி பிகா பொந்தில் கூட்டமாக வாழும். குளிர்காலத்தில் உடலின் எரிசக்திச் செலவில் ஏறக்குறைய 30 சதவீதத்தைக் குறைத்துக்கொள்ளும், போதாததற்கு யாக் சாணத்தைத் தின்னும். 2021-ல் வெளிவந்த செய்தி இது. மேய்ச்சல் புல்லைத் தின்கிறது என்று பல பத்தாண்டுகளாக விஷம் வைத்துக் கொன்றார்கள். ஆனால் அதன் பொந்தில்தான் பனிக்குருவிகள் கூடு கட்டுகின்றன, பொந்து வழியாகத்தான் மழைநீர் மண்ணில் இறங்குகிறது, நரியும் பருந்தும் அதைத்தான் நம்பியிருக்கின்றன. புல் தேய்ந்த இடத்தில் பிகா பெருகுவதைப் பார்த்து, பிகாவால்தான் புல் தேய்ந்தது என்று முடிவுகட்டிவிட்டார்கள். எனக்கு இதை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது.

தியான்ஷான் மலையின் இலி பிகா இன்னும் மோசமான நிலையில் இருக்கிறது. சீன ஆய்வாளர் லி வெய்டோங் 1983-ல் தற்செயலாகப் பார்த்தார், 1986-ல் பெயர் வந்தது, 2014-ல் மறுபடி படம் எடுத்தார். மொத்தமே ஆயிரத்துக்கும் குறைவு என்கிறார்கள்.

மார்ச் 12

முதல் கேள்வியைக் கேட்டவர் ஒரு படம் அனுப்பியிருக்கிறார். செத்துப்போன வளர்ப்பு முயலின் மேல்தாடை, தலைகீழாக வைத்து எடுத்தது. பெரிய வெட்டுப்பல்லுக்குப் பின்னால் ஆணிப்பற்கள் இரண்டும் உடையாமல் அழகாக இருக்கின்றன. என்னுடையதில் வலது பக்கத்து ஆணி கழுவும்போது கழன்று தொலைந்துவிட்டது, அதனால் இந்தப் படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தேன். கடைவாய்ப் பல் வரிசையை 5 என்று எண்ணியிருக்கிறார். 6 இருக்க வேண்டும். வரிசையின் கடைசியில், மற்ற பற்களைவிட மிகச் சின்னதாக, ஓரமாக ஒதுங்கி ஒரு முளை நிற்கிறது பாருங்கள், இடது பக்கம் தெளிவாகத் தெரிகிறது. பிகாவிடம் இல்லாத பல் அதுதான்.